அளவிட முடியாமையின் சுமை யாருக்கு? அமெரிக்க நிதித்துறை விதியாக்கத்தில் செலவு-பயன் பகுப்பாய்வு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அரசு அமைப்பொன்று புதிய விதியை இயற்றும் முன்னர் அதன் செலவையும் பயனையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும் என்பது அமெரிக்க நிர்வாகச் சட்டத்தில் வேரூன்றிய எதிர்பார்ப்பாகும். இவ்வெதிர்பார்ப்பு நிதித்துறை விதிகளின்மீது நீதிமன்றங்கள் வழியாகச் செலுத்தப்பட்ட முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. 2011ஆம் ஆண்டின் பிசினஸ் ரவுண்ட்டேபிள் வழக்குத் தீர்ப்பு, அதனையொட்டி எழுந்த கல்வியாளர் விவாதம், வங்கி மூலதனம் குறித்த பேசல் குழுவின் மதிப்பீடு ஆகியவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எண்ணாக மாற்ற இயலாத விளைவுகளின் சுமையை யார் ஏற்பது என்பதே இத்தீர்ப்புகளின் அடியில் உள்ள வினா. அவ்வினாவை வெளிப்படையாக எழுப்பாமலேயே விடை வழங்கியதுதான் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: செலவு-பயன் பகுப்பாய்வு, விதியாக்கம், நிதி ஒழுங்குமுறை, நீதிமுறைச் சீராய்வு, பதிலாள் வாக்குரிமை, வங்கி மூலதனம்.

முன்னுரை

ஆலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் நச்சுத்துகளைக் குறைக்க ஒரு விதி இயற்றப்படும்போது, வடிகட்டும் கருவியைப் பொருத்துவதற்கான செலவைப் பொறியாளர் கணக்கிடுவார். குறையக்கூடிய நோய்களையும் இறப்புகளையும் மருத்துவப் புள்ளியியலார் மதிப்பிடுவார். இரு கணக்குகளிலும் பிழை நேரலாம். எனினும், தன்னைக் கட்டுப்படுத்த விதி வந்துவிட்டது என்பதற்காகத் துகள் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. வங்கிகளும் முதலீட்டாளர்களும் இயக்குநர் குழுக்களும் அத்தகையோர் அல்லர். விதி அறிவிக்கப்பட்ட நாளிலேயே அவர்களது நடத்தை மாறத் தொடங்குகிறது. எந்த நடத்தையின் அடிப்படையில் செலவும் பயனும் கணிக்கப்பட்டனவோ, அந்த அடிப்படையே நகர்ந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டைக் காரணம் காட்டி, நிதித்துறையில் செலவு-பயன் பகுப்பாய்வு பொருளற்றது என ஒரு சாராரும், நிதித்துறைக்குத்தான் அது மிகவும் தேவை என மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர். இவ்விவாதம் பெரும்பாலும் ‘கணக்கிட முடியுமா, முடியாதா’ என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்கிறது. கணக்கிட முடியாத இடத்தில் என்ன செய்வது என்பது அதனினும் முதன்மையான வினாவாகும். அந்நிலையில் விதி நிற்குமா, வீழுமா? இதற்கு விடை கூறும் அதிகாரம் அமெரிக்காவில் நீதிமன்றங்களிடம் சென்று சேர்ந்த வரலாற்றையும், அவ்விடையின் தகுதியையும் பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

1. கோட்பாட்டின் வரவும் நிதித்துறையின் விலக்கும்

1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ரீகன் பிறப்பித்த 12291ஆம் எண் நிர்வாக ஆணை, கூட்டாட்சி அரசின் துறைகள் முதன்மையான விதிகளை இயற்றுமுன் செலவையும் பயனையும் ஆராய வேண்டும் எனப் பணித்தது. 1993இல் அதிபர் கிளின்டன் அதனை நீக்கி, 12866ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். கட்சி மாறியும் கோட்பாடு மாறவில்லை. செலவுக்குப் பயன் ஈடாகிறது என்பதைத் துறைகள் காட்ட வேண்டும். அதனை வெள்ளை மாளிகையின்கீழ் இயங்கும் தகவல் மற்றும் ஒழுங்குமுறை விவகார அலுவலகம் சரிபார்க்கும் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது.

இவ்வேற்பாட்டின் மையப் பகுதியிலிருந்து தன்னாட்சி அமைப்புகள் விலக்கப்பட்டிருந்தன. பங்குப் பத்திரப் பரிவர்த்தனை ஆணையம் (இனி, ஆணையம்), பண்டக முன்பேர வணிக ஆணையம், கூட்டாட்சி ரிசர்வ் ஆகிய நிதித்துறை அமைப்புகள் அவ்வகையைச் சார்ந்தவை. எனவே அமெரிக்க நிதித்துறையில் செலவு-பயன் பகுப்பாய்வு அதிபரின் ஆணை வழியாக நுழையவில்லை. சட்டத்தின் ஒரு சிறு தொடர் வழியாக, நீதிமன்ற வாயிலில் அது நுழைந்தது.

1996ஆம் ஆண்டின் தேசியப் பங்குப் பத்திரச் சந்தை மேம்பாட்டுச் சட்டம், ஆணையம் விதியியற்றும்போது பொதுநலனைக் கருத வேண்டிய இடங்களில், முதலீட்டாளர் பாதுகாப்புடன் செயல்திறன், போட்டி, மூலதன ஆக்கம் ஆகியவற்றை அவ்விதி வளர்க்குமா என்பதையும் கருத வேண்டும் என்றது. ‘செலவு’, ‘பயன்’ என்னும் சொற்களோ எண்ணாகக் கணக்கிடும் கட்டளையோ அத்தொடரில் இல்லை. கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில், பரஸ்பர நிதிகளின் தலைவர் தன்னிச்சையானவராக இருக்க வேண்டும் என்ற விதியைச் சீராய்ந்தபோது, விதியின் செலவை இயன்றவரை கண்டறிவது ஆணையத்தின் கடமை எனத் தீர்ப்பளித்தது. ‘கருத வேண்டும்’ என்னும் சொல் ‘கணக்கிட வேண்டும்’ என்னும் பொருளை நோக்கி நகரத் தொடங்கியது அப்போதுதான்.

2. 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு: ஒரு வாசிப்பு

அந்நகர்வு முழுமை பெற்றது பிசினஸ் ரவுண்ட்டேபிள் வழக்கில். அமெரிக்க நிறுவனங்களில் பங்குதாரர்களே இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர் எனினும், வாக்களிப்புக்காக அனுப்பப்படும் பதிலாள் வாக்குரிமை ஆவணத்தில் அக்காலத்தில் நடைமுறையில் இயக்குநர் குழு முன்மொழிந்த பெயர்களே இடம்பெற்றன. மாற்று வேட்பாளரை நிறுத்த விரும்பிய பங்குதாரர் தம் சொந்தச் செலவில் தனி ஆவணம் அச்சிட்டு அனுப்பிப் பரப்புரை செய்ய வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் இயற்றப்பட்ட டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 971ஆம் பிரிவு, இந்நிலையை மாற்ற விதியியற்றும் அதிகாரத்தை ஆணையத்துக்கு வெளிப்படையாக வழங்கியது. 2010 ஆகஸ்டில் ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளில் 14ஏ-11 என்னும் விதியை ஏற்றது. வாக்குரிமையில் குறைந்தது 3 விழுக்காட்டை 3 ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருக்கும் பங்குதாரர் அல்லது பங்குதாரர் குழு, இயக்குநர் இடங்களில் 25 விழுக்காடு வரை, நிறுவனத்தின் ஆவணத்திலேயே வேட்பாளரை முன்மொழியலாம் என்பது அதன் சாரம்.

பெருநிறுவனத் தலைவர்களின் அமைப்பான பிசினஸ் ரவுண்ட்டேபிளும் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பும் வழக்குத் தொடர்ந்தன. 2011 ஜூலை 22 அன்று நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு, விதி தன்னிச்சையானது எனக் கூறி அதனை நீக்கியது. ஆணையம் செலவையும் பயனையும் முரண்பட்ட முறையில், தனக்கு வாய்ப்பானபடி வகுத்துக்கொண்டது. எண்ணாக்கக்கூடிய செலவுகளை எண்ணாக்கவில்லை. எதிர்க்கருத்துகளுக்கு விடையளிக்கவில்லை என்பன தீர்ப்பின் முதன்மைக் குற்றச்சாட்டுகள்.

இவற்றுள் ஒன்று மறுக்க இயலாத வலிமை உடையது. பயனைப் பேசும்போது விதி அடிக்கடி பயன்படுத்தப்படும் என்று எடுத்துக்கொண்ட ஆணையம், செலவைப் பேசும்போது அது அரிதாகவே பயன்படுத்தப்படும் என்று எடுத்துக்கொண்டதாக நீதிமன்றம் சுட்டியது. ஒரே தராசின் இரு தட்டுகளில் இருவேறு படிக்கற்களை வைத்தல் எவ்வகைப் பகுப்பாய்விலும் ஏற்கத்தக்கதன்று. தீர்ப்பு இக்குறையுடன் நின்று, விளக்கம் கோரி விதியைத் திருப்பி அனுப்பியிருந்தால், அது நிர்வாகச் சட்ட மரபுக்குள் அடங்கிய ஒன்றாகவே கருதப்பட்டிருக்கும்.

ஆனால் தீர்ப்பு மேலும் இரு அடிகள் எடுத்து வைக்கிறது. முதலாவது, சான்றுகள் குறித்தது. மாற்று இயக்குநர்கள் இடம்பெறுவதால் நிறுவன மதிப்பு உயருமா என்பது பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஆணையம் அவற்றுள் சிலவற்றை ஏற்று, சிலவற்றை ஆய்வுமுறைக் குறைகளைக் காட்டி ஒதுக்கியது. தான் சார்ந்திருந்த ஆய்வுகள் நம்பவைக்கும் ஆற்றல் குறைந்தவை என நீதிமன்றம் ஆணையத்துக்குக் கூறியது. துறைசார் நிபுணத்துவத்தின் எல்லையில் நிற்கும் கணிப்புகளைச் சீராயும்போது நீதிமன்றம் மிகுந்த அடக்கம் காட்ட வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் பால்டிமோர் எரிவாயு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அந்நெறியிலிருந்து விலகுவதற்கான காரணம் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வாதிக்கப்படவில்லை.

இரண்டாவது அடி இன்னும் நுட்பமானது. பங்குதாரர் வேட்பாளரை எதிர்த்து இயக்குநர் குழு செலவிடும் தொகையை வணிகக் கூட்டமைப்பு பெரிய நிறுவனங்களுக்கு 40 இலட்சம் முதல் 1.4 கோடி டாலர் வரை எனக் குறிப்பிட்டிருந்தது. எண் கையில் இருந்தும் ஆணையம் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை என நீதிமன்றம் குறைகண்டது. இவ்வெண் பழைய முறையிலான தேர்தல் போட்டிகளிலிருந்து பெறப்பட்டது. அதனை வழங்கியது வழக்குத் தொடுத்த தரப்பு. எதிர்த்தட்டில் வைக்கப்பட வேண்டிய பயனோ, பல கோடி முதலீட்டாளர்களிடையே சிதறிக் கிடப்பது. எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகாதது. எண் உள்ள தட்டு கனமாகவும் எண் இல்லாத தட்டு வெறுமையாகவும் தோன்றும் நிலை இவ்வாறு உருவாகிறது. பயனுக்கு எண் இல்லை என்பதும் பயன் இல்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். தீர்ப்பின் தருக்கம் முதற்கூற்றிலிருந்து இரண்டாம் கூற்றுக்கு ஓசையின்றிக் கடந்து செல்கிறது.

3. ஒரே நீதிமன்றம், இருவேறு அளவுகோல்

இக்கடத்தல் தவிர்க்க இயலாததன்று என்பதற்கு அதே நீதிமன்றத்தின் பிந்தைய தீர்ப்புகள் சான்றாகின்றன. பண்டக முன்பேர வணிக ஆணையத்தை ஆளும் சட்டம், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலன்றி, செலவையும் பயனையும் கருத வேண்டும் என வெளிப்படையாகவே கூறுகிறது. அவ்வமைப்பு இயற்றிய பதிவு விதியொன்றை முதலீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு எதிர்த்தபோது, 2013இல் நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. அளவிட இயலாததை அளக்குமாறு சட்டம் கட்டளையிடவில்லை என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. சொற்கள் இல்லாத சட்டம் கடுமையாகவும், சொற்கள் உள்ள சட்டம் நெகிழ்வாகவும் பொருள்கொள்ளப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

2014ஆம் ஆண்டின் மோதல் கனிமங்கள் வழக்கு இதனை மேலும் தெளிவாக்குகிறது. காங்கோவிலும் அதன் அண்டை நாடுகளிலும் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் சேர்க்கும் கனிமங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதனை வெளியிட வேண்டும் என்பது விதி. தொடக்கச் செலவு 300 முதல் 400 கோடி டாலர் வரை ஆகலாம் என மதிப்பிட்ட ஆணையம், பயனை எண்ணாக்க இயலாது எனக் கூறியது. விதியின் ஒரு பகுதி பேச்சுரிமை அடிப்படையில் வீழ்ந்தது எனினும், செலவு-பயன் குறித்த எதிர்வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. காப்பாற்றப்படும் உயிர்களின் எண்ணிக்கையை அறிந்தாலும் அதனை டாலர் செலவுடன் ஒப்பிடுவது பொருந்தாத இரு பண்டங்களை நிறுப்பதாகவே முடியும் என்பது நீதிமன்றம் கூறிய காரணம். பயன் உண்டு என்பதைக் காங்கிரஸ் முடிவு செய்துவிட்டது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உள்ளது. எனில், 971ஆம் பிரிவில் இதே காங்கிரஸ் வெளிப்படையாக வழங்கிய அதிகாரத்துக்கு 2011இல் ஏன் எடை தரப்படவில்லை என்னும் வினா எழுகிறது. 971ஆம் பிரிவு அதிகாரம் மட்டுமே வழங்கியது, கட்டளையிடவில்லை என்பது இதற்குக் கூறத்தக்க விடை. இவ்விடை இரு வழக்குகளின் முடிவு வேறுபட்டதை ஓரளவு விளக்கும். எண் இல்லாத பயன் ஓரிடத்தில் மதிப்புடையதாகவும் மற்றோரிடத்தில் மதிப்பற்றதாகவும் கொள்ளப்பட்டதை விளக்காது.

நெகிழ்வான இப்போக்கே நிலைத்தது என்றும் கூற இயலாது. நிறுவனங்கள் தம் பங்குகளைத் தாமே திரும்ப வாங்குவது பற்றிய வெளிப்படுத்தல் விதியை ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 அக்டோபரில் குறைபாடுடையது எனக் கண்டது. எண்ணாக்கும் வழிகளை மனுதாரர்கள் சுட்டியும் ஆணையம் அவற்றுக்கு விடையளிக்கவில்லை என்பது காரணம். குறையைச் சரிசெய்ய 30 நாள்கள் வழங்கப்பட்டன. அதற்குள் இயலாமற்போகவே டிசம்பரில் விதி நீக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட 14215ஆம் எண் நிர்வாக ஆணை, தன்னாட்சி அமைப்புகளையும் வெள்ளை மாளிகை அலுவலகத்தின் சரிபார்ப்புக்குள் கொண்டுவந்தது. கூட்டாட்சி ரிசர்வின் பணக்கொள்கை மட்டும் அதற்கு விலக்கு. வங்கிகள்மீதான அதன் ஒழுங்குமுறைப் பணிக்கு விலக்கில்லை. ஆகவே எண்ணின் இடம் குறித்த வினா இன்று முன்னினும் கூர்மை பெற்றுள்ளது.

4. எண்ணுக்குள் மறைந்திருக்கும் கருதுகோள்: பேசல் மதிப்பீடு

பயனை எண்ணாக்க இயலும் இடத்தில் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பதைப் பார்த்தல் வேண்டும். நிதித்துறையில் மிகுந்த உழைப்புடன் செய்யப்பட்ட கணக்கீடுகளுள் ஒன்று, வங்கி மேற்பார்வைக்கான பேசல் குழு 2010 ஆகஸ்டில் வெளியிட்ட நீண்டகாலப் பொருளாதாரத் தாக்க மதிப்பீடு. வங்கிகளின் மூலதன விகிதம் 1 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தப்பட்டால் கடன் வட்டி 0.13 விழுக்காட்டுப் புள்ளி உயரும். நாட்டின் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 0.09 விழுக்காடு குறையும் என்பது செலவுப் பக்கக் கணக்கு. பயன் பக்கத்தில், வங்கி நெருக்கடி சராசரியாக 20 முதல் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது. அதாவது ஆண்டுக்கு 4 முதல் 5 விழுக்காடு வாய்ப்பு.

ஒரு நெருக்கடியால் இழக்கப்படும் மொத்த உற்பத்தி எவ்வளவு? நெருக்கடிக்குப் பின் பொருளாதாரம் பழைய பாதைக்கு முழுவதும் திரும்பிவிடும் எனக் கொண்டால், இழப்பு ஓராண்டு உற்பத்தியில் 19 விழுக்காடு. ஓரளவு நிலையான பாதிப்பு எஞ்சும் எனக் கொண்டால் 63 விழுக்காடு. பெரும் நிலைத்த பாதிப்பு எனக் கொண்டால் 158 விழுக்காடு. ஒரே தரவு, ஒரே கேள்வி. கருதுகோள் ஒன்று மாறியதும் விடை எட்டு மடங்கு மாறுகிறது. ‘நெருக்கடியின் வடு ஆறுமா?’ என்னும் அக்கருதுகோளைத் தரவு தானே தீர்த்துவைப்பதில்லை. ஆய்வாளர் ஒருவர் அதனைத் தேர்ந்தெடுக்கிறார்.

சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்தின் 404ஆம் பிரிவு, பேசல் விதிகள், வோல்க்கர் விதி உள்ளிட்டவற்றை ஆராய்ந்து ஜான் கோட்ஸ் 2015இல் யேல் சட்ட ஆய்விதழில் முன்வைத்த கருத்து இதனுடன் இயைகிறது. எண்வழிப்பட்ட பகுப்பாய்வு எனப்படுவது இத்துறையில் பெரும்பாலும் அறிவார்ந்த ஊகமே. துல்லியத்தின் தோற்றத்தை அது ஊகத்துக்கு அணிவிக்கிறது என்பது அவர் முடிபு. நிதி அமைப்பே விதிகளால் கட்டமைக்கப்பட்டது, ஆதலின் ஒவ்வொரு புதிய விதியும் அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடுகிறது என ஜெஃப்ரி கார்டன் மேலும் அடிப்படையான தடையை எழுப்புகிறார்.

எதிர்த்தரப்பில் எரிக் போஸ்னர், கிளென் வெயில் இருவரும், சுற்றுச்சூழல் விதிகளில் மனித உயிருக்குப் புள்ளியியல் மதிப்பு வழங்கப்பட்டதைப் போல நிதி நெருக்கடிக்கும் ஒரு பொது மதிப்பை வகுக்கலாம் என்கின்றனர். உயிரின் மதிப்பும் ஒரு காலத்தில் அளவிட இயலாததாகவே கருதப்பட்டது என்னும் அவர்தம் நினைவூட்டல் பொருளுடையது. எனினும் உயிர்மதிப்பு பல்லாயிரம் தொழிலாளர்களின் கூலி வேறுபாடுகளிலிருந்து பெறப்படுகிறது. நெருக்கடிகளோ ஒரு நூற்றாண்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒப்புமை இவ்விடத்தில் தளர்கிறது.

5. ஆணையத்தின் எண்ணும் பிழைத்த இடம்

எண்களை நம்ப இயலாது என்பதிலிருந்து, ஒழுங்குமுறை அமைப்பின் விருப்புரிமைக்கே அனைத்தையும் விட்டுவிடலாம் என்னும் முடிவுக்குச் செல்வதும் பொருந்தாது. கோட்ஸின் கட்டுரை அத்திசையில் சாய்கிறது. நீதிமன்றம் விலகி நிற்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. அதற்கு எதிரான வலுவான சான்று அவர் ஆராய்ந்த 404ஆம் பிரிவிலேயே உள்ளது. நிறுவனங்களின் உட்கட்டுப்பாடு பற்றிய மேலாண்மை அறிக்கைக்கு ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 91,000 டாலர் செலவாகும் என ஆணையம் 2003இல் மதிப்பிட்டது. 2005இல் நிதி நிர்வாகிகளின் அமைப்பு ஒன்று 217 நிறுவனங்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் முதலாண்டுச் செலவு சராசரியாக 43.6 இலட்சம் டாலர் எனத் தெரியவந்தது.

இரு எண்களையும் நேருக்குநேர் வைத்தல் முறையன்று. ஆணையத்தின் எண் தணிக்கையாளர் சான்றுரைக்கான செலவைச் சேர்க்கவில்லை. கணக்கெடுப்பு பெருநிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. அதனை நடத்தியவர்கள் செலவை ஏற்கும் தரப்பினர். இவற்றையெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிது. அதன் பின்விளைவாகவே 2007இல் தணிக்கைத் தரநிலை எளிமையாக்கப்பட்டது. 2010இல் சிறு நிறுவனங்களுக்குச் சான்றுரையிலிருந்து நிலையான விலக்கு வழங்கப்பட்டது. செலவைப் பற்றிய கேள்வியை வெளியிலிருந்து எழுப்புவோர் இல்லாவிடில் அமைப்பு தன் கணக்கைத் தானே ஐயுறுவது அரிது என்னும் பாடத்தை இது தருகிறது. 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பை வரவேற்றோர் முன்வைத்த நியாயத்தின் உள்ளீடு இதுவே. அதனை மறுக்காமலே தீர்ப்பைக் குறைகூற இயலுமா என்பதே திறனாய்வின் முன்னுள்ள சோதனை.

6. பின்னிகழ்வுகள் தரும் சான்று

ஆணையம் 2011இல் மேல்முறையீடு செய்யவில்லை. விதியை மீண்டும் இயற்றவுமில்லை. ஆயினும் ஒவ்வொரு நிறுவனத்திலும் பங்குதாரர்கள் தனித்தனியே இவ்வுரிமையைக் கோரித் தீர்மானம் கொண்டுவரும் வழி திறந்திருந்தது. நியூயார்க் நகரின் ஓய்வூதிய நிதிகள் சார்பாக அந்நகரக் கணக்காயர் 2014 நவம்பரில் 75 நிறுவனங்களில் ஒரே நேரத்தில் தீர்மானங்களை முன்வைத்தார். சில ஆண்டுகளுக்குள் எஸ் அண்டு பி 500 பட்டியலின் பெரும்பாலான நிறுவனங்கள் இவ்வுரிமையைத் தம் துணைவிதிகளில் ஏற்றன. அவை ஏற்ற வரையறை பெரும்பாலும் 3 விழுக்காடு, 3 ஆண்டுகள் என்பதாகவே அமைந்தது. நீக்கப்பட்ட விதியின் எண்கள் தனியார் ஏற்பாடாக உயிர்பெற்றன.

அவ்வுரிமை பயன்படுத்தப்பட்டது மிகமிக அரிது. 2016இல் ஒரு முதலீட்டு நிறுவனம் முதன்முறையாக வேட்பாளரை முன்மொழிந்து, பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டது. துணைவிதிகள் பல, குழுவாகச் சேரத்தக்க பங்குதாரர் எண்ணிக்கைக்கு 20 என வரம்பிட்டன. முன்மொழியும் இடங்களையும் 25 விழுக்காட்டினும் குறைத்தன. எனவே ஆணையத்தின் விதி நின்றிருந்தால் நிலைமை இப்படியே இருந்திருக்கும் எனத் துணிந்து கூறுவதற்கில்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது. மொத்தச் செலவு என்பது ஒரு போட்டிக்கான செலவையும் போட்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கிக் கிடைப்பது. நீதிமன்றத்தின் முன்னிருந்த டாலர் கணக்கு முதற்காரணியைப் பற்றியது. விடையைத் தீர்மானிக்கக்கூடிய இரண்டாம் காரணியை ஆணையமும் அறியவில்லை. வழக்குத் தொடுத்தோரும் அறியவில்லை. கிடைத்த எண் மீது வாதம் குவிந்தது. தேவையான எண் இருளிலேயே இருந்தது.

விதி முதலீட்டாளருக்கு நன்மை தந்திருக்குமா என்னும் வினாவும் பங்கு விலைகளைக் கொண்டு ஆராயப்பட்டது. விதியை ஆணையமே இடைநிறுத்திய 2010 அக்டோபர் 4ஆம் நாளை எடுத்துக்கொண்டு பெக்கர், பெர்க்ஸ்ட்ரெசர், சுப்பிரமணியன் மூவர் நடத்திய ஆய்வு, விதியால் மிகுதியாகத் தொடப்படக்கூடிய நிறுவனங்களின் மதிப்பு அன்று குறைந்தது எனக் கண்டது. அதாவது சந்தை விதியை நன்மையாக மதித்திருந்தது. விதியாக்கத்தின் வேறு நிகழ்வுகளை எடுத்துக்கொண்ட லார்க்கர், ஒர்மசாபால், டெய்லர் மூவரின் ஆய்வு எதிர்மறை மதிப்பைக் கண்டது. தேர்ந்த ஆய்வாளர்கள், ஒரேவகை ஆய்வுமுறை, நேர்மாறான விடைகள். தீர்ப்பு எதிர்பார்த்த உறுதியான சான்று, பின்னாளிலும் கிடைத்தபாடில்லை.

7. சுமையைப் பகிர்தல்

மேற்கண்டவற்றிலிருந்து சிக்கலின் வடிவம் புலப்படுகிறது. செலவு, ஒழுங்குபடுத்தப்படும் நிறுவனங்களின் கணக்கேடுகளில் உள்ளது. அவை அமைப்பாகத் திரண்டவை. கருத்துரை அனுப்பவும் வழக்காடவும் வல்லவை. பயன், சிதறிய மக்களுக்கு, எதிர்காலத்தில், நிகழாமற்போன தீங்காக வருகிறது. அளவிட இயலாமையின் சுமை முழுவதும் விதியியற்றும் அமைப்பின்மேல் வைக்கப்பட்டால், தரவை வைத்திருக்கும் தரப்புக்கு அதனை வழங்காமல் இருப்பதே ஆதாயமாகிவிடும். மேலும், விதி இல்லாத நிலை எவ்விதக் கணக்குக்கும் உட்படாமல் இயல்பான நிலையாக ஏற்கப்படுகிறது. விதியை நீக்குவதற்கும் இதே சோதனை பொருந்த வேண்டும். ஆனால் இழக்கப்படும் பயனுக்கு எண் இல்லாதபோது, நீக்கம் செலவற்றதாகத் தோற்றமளிக்கும்.

சுமை முழுவதையும் எதிர்ப்போர்மேல் வைத்தால் 404ஆம் பிரிவின் அனுபவம் மீளும். இரண்டுக்கும் இடையே காஸ் சன்ஸ்டீன் வலியுறுத்தும் சமநிலைப் புள்ளி ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது. பயன் எவ்வளவு என்று கேட்பதற்கு மாறாக, செலவுக்கு ஈடாகப் பயன் எந்த அளவு இருந்தால் போதும் என அது கேட்கிறது. பேசல் எண்களைக் கொண்டே இதனை விளக்கலாம். நெருக்கடி வாய்ப்பு ஆண்டுக்கு 1 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால் கிடைக்கும் பயன், மூன்று கருதுகோள்களின்படி முறையே உற்பத்தியில் ஏறத்தாழ 0.2, 0.6, 1.6 விழுக்காடு. செலவு 0.09 விழுக்காடு. ஆகவே மூலதன உயர்வு நியாயப்படுவதற்கு, 4 முதல் 5 விழுக்காடாக உள்ள ஆண்டு வாய்ப்பை அது முறையே 0.45, 0.15, 0.06 விழுக்காட்டுப் புள்ளி அளவு குறைத்தால் போதும். வடு ஆறிவிடும் என்னும் மிகவும் நம்பிக்கை மிகுந்த கருதுகோளிலும் தேவைப்படும் குறைப்பு அரைப் புள்ளிக்கும் கீழ். எட்டு மடங்கு வேறுபட்ட விடைகள் இங்கு ஒரே தெளிவான வினாவாகச் சுருங்குகின்றன. அவ்வினாவின்மீது எதிர்ப்போரும் தம் சான்றுகளை வைக்கலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. பதிலாள் வாக்குரிமை போன்ற நிறுவன ஆளுகை விதிகளில் பயனின் அலகே தெளிவற்றது. அங்குச் சமநிலைப் புள்ளியும் ஊகத்தின்மேல்தான் நிற்கும். அத்தகைய விதிகளில் நீதிமன்றம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. செலவுக்கும் பயனுக்கும் ஒரே கருதுகோள்கள் பயன்படுத்தப்பட்டனவா? எண்ணாக்க இயலாதவை எவை, ஏன் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டதா? நடைமுறைக்கு வந்தபின் தரவைத் திரட்டி மீளாய்வு செய்யும் ஏற்பாடு விதியிலேயே உள்ளதா? இம்மூன்றின்படி பார்த்தால் 14ஏ-11 விதி முதற்கேள்வியில் தவறியது உண்மை. அதற்குரிய தீர்வு விளக்கம் கோரித் திருப்பியனுப்புதல். சான்றுகளை எடைபோடும் பணியை நீதிமன்றமே மேற்கொண்டதற்கு இக்கேள்விகளுள் எதுவும் இடந்தருவதில்லை.

இவ்விவாதம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2013இல் அளித்த அறிக்கை, ஒழுங்குமுறை அமைப்புகள் வரைவு விதியுடன் செலவு-பயன் பகுப்பாய்வையும் வெளியிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையைச் செயற்படுத்த முனைவோர், பகுப்பாய்வு முழுமையற்றதாக இருந்தால் விளைவு என்ன என்பதையும் சட்டத்திலேயே வகுத்தல் தேவை. வகுக்கத் தவறினால் அதனை வழக்குகள் வகுக்கும் என்பது அமெரிக்க அனுபவம் உணர்த்துவது.

முடிவுரை

செலவு-பயன் பகுப்பாய்வு, முடிவெடுப்போரின் கருதுகோள்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் கருவியாக இருக்கும்வரை மதிப்புடையது. 404ஆம் பிரிவின் வரலாறு அதன் தேவையையும், பேசல் மதிப்பீடு அதன் எல்லையையும் காட்டுகின்றன. 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆணையத்தின் முரண்பாட்டைச் சரியாகக் கண்டது. ஆனால் எண் இல்லாத பயனை இல்லாத பயனாகவே நடத்தி, அளவிட இயலாமையின் முழுச் சுமையையும் ஒரு தரப்பின்மீது ஏற்றியது. சட்டத்தில் சொல்லப்படாத அத்தேர்வு, பொருளாதாரக் கணக்கின் மொழியில் அமைந்த காரணத்தால் தேர்வாகவே தோன்றாமற் போயிற்று. அறியாமையின் சுமையை யார் ஏற்பது என்பது மதிப்பு சார்ந்த முடிவு. அதனை மக்களவைகள் வெளிப்படையாக விவாதித்துச் சட்டத்தில் எழுதுதல் வேண்டும். அதுவரை, எண் கேட்கும் ஒவ்வொரு தீர்ப்பிலும் எண் இல்லாத தட்டில் யாருடைய நலன் வைக்கப்பட்டிருந்தது என்பதைத் தேடிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமையாகும்.